பிரிண்ட்எஃப் எழுதியது எங்கே போய் நிற்கிறது? சி மொழியில் பஃபரும் ஃப்ளஷும்

ஒரு சின்ன சி நிரல். முதலில் பிரிண்ட்எஃப் வைத்து "காத்திருங்கள்... " என்று அச்சிடச் சொல்கிறோம். அடுத்த வரியில் ஸ்லீப் போட்டு 5 விநாடி சும்மா இருக்கச் சொல்கிறோம். அப்புறம் "முடிந்தது" என்று அச்சிட்டு, கடைசியில் ஒரு புதுவரிக் குறி. படித்துப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் லினக்ஸ் டெர்மினலில் ஓட்டினால் முதல் 5 விநாடி திரை காலியாகவே கிடக்கும். பிறகு "காத்திருங்கள்... முடிந்தது" என்று இரண்டும் ஒன்றாக வந்து விழும். காத்திருக்கச் சொல்லும் செய்தி, காத்திருந்து முடித்த பிறகு வருகிறது.

நிரல் வரிசை மாறி ஓடவில்லை. பிரிண்ட்எஃப் முதலில்தான் ஓடியது. தன் வேலையை முடித்து, இத்தனை பைட் எழுதினேன் என்று எண்ணிக்கையையும் திருப்பித் தந்துவிட்டது. ஆனால் அது எழுதிய இடம் திரை இல்லை. நிரலின் சொந்த நினைவகத்துக்குள்ளேயே ஒதுக்கி வைத்திருக்கும் ஓர் இடத்தில், பஃபரில், எழுதிவிட்டுத் திரும்பிவிட்டது. அங்கிருந்து அந்தப் பைட்டுகளை வெளியே தள்ளுவதற்குப் பெயர்தான் ஃப்ளஷ். அது எப்போது தானாக நடக்கும், எப்போது நாம் கேட்டால்தான் நடக்கும் என்பது தெரிந்துவிட்டால், சி நிரல்களில் வரும் பல "பேய் வேலை"களுக்குக் காரணம் புரிந்துவிடும்.

எதற்கு இந்த இடைத்தங்கல்?

திரையில் எழுத்தைக் காட்டுவதோ வட்டில் எழுதுவதோ ஒரு சாதாரண நிரல் தானாகச் செய்துகொள்ளக்கூடிய வேலை இல்லை. இயங்குதளத்தின் மையமான கர்னலைத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதுதான் சிஸ்டம் கால்; யுனிக்ஸ் குடும்பத்தில் எழுதுவதற்கான சிஸ்டம் காலின் பெயர் ரைட். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ப்ராசஸர் நம் நிரலை விட்டுக் கர்னல் பக்கம் போய், வேலையை முடித்துத் திரும்ப வேண்டும். சாதாரண ஃபங்ஷன் அழைப்போடு ஒப்பிட்டால் இது பல மடங்கு செலவு. பந்தியில் பாயசம் பரிமாறுகிறவர் ஒவ்வோர் இலைக்கும் ஒரு கரண்டி என்று சமையற்கட்டுக்கு நடந்துகொண்டிருக்க மாட்டார். வாளியில் மொண்டுகொண்டுதான் வருவார். பஃபர் அந்த வாளி.

கணக்குப் போட்டே பார்க்கலாம். "வணக்கம்" என்ற சொல்லும் ஒரு புதுவரிக் குறியும் யுடிஎஃப்-8 முறையில் 22 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று 7 குறியீடு, ஆக 21 பைட், புதுவரிக்கு இன்னொன்று. இந்த வரியை ஒரு லட்சம் முறை கோப்பில் எழுதினால் 22 லட்சம் பைட். வரிக்கு ஒரு ரைட் என்றால் ஒரு லட்சம் சிஸ்டம் கால். 4096 பைட் பஃபரில் சேர்த்துச் சேர்த்து அனுப்பினால் 538 போதும். நம்பிக்கை வராதவர்கள் நிரலை எஸ்ட்ரேஸ் என்ற கருவியோடு ஓட்டிப் பார்க்கலாம். நிரல் கர்னலிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் அது அச்சிட்டுக் காட்டும். ரைட், 4096, ரைட், 4096 என்று வரிசையாக ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். பஃபர் பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதைவிட இதை ஒரு முறை பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

இந்த ஏற்பாடு சி மொழியின் இலக்கணத்தில் இல்லை. அதோடு வரும் ஸ்டாண்டர்ட் ஐஓ நூலகத்தில் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய பழைய நூலகத்திலிருந்து டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது அது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு பரவியது; 1989இல் சி மொழிக்கு வந்த ஆன்சி தரத்திலும் இடம்பெற்றது. ரைட் அழைப்பை நேரடியாகப் பயன்படுத்தினால் இந்தப் பஃபரே குறுக்கே வராது.

புதுவரிக் குறி போட்டால் வந்துவிடும் என்பது பாதி உண்மை

மேலே சொன்ன நிரலில் "காத்திருங்கள்..." முடிவில் ஒரு புதுவரிக் குறி சேர்த்தால் டெர்மினலில் அது உடனே தெரியும். அதனால் "புதுவரி போட்டால் ஃப்ளஷ் ஆகிவிடும்" என்று பலர் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அந்த விதி எங்கே உடைகிறது என்று பார்க்க அதிக நேரம் ஆகாது: அதே நிரலின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். எத்தனை புதுவரி போட்டிருந்தாலும், நிரல் முடியும்வரை கோப்பின் அளவு 0 பைட்தான்.

காரணம், நூலகத்திடம் மூன்று விதப் பழக்கம் உண்டு. முழு பஃபர் என்றால் பஃபர் நிரம்பினால்தான் வெளியேற்றும். வரி பஃபர் என்றால் நிரம்பினாலும் சரி, புதுவரிக் குறி வந்தாலும் சரி, வெளியேற்றும். மூன்றாவது, பஃபரே கிடையாது. வந்ததை வந்தவுடன் அனுப்பும். எந்தப் பழக்கம் என்பதை நம் நிரலின் வரிகள் தீர்மானிப்பதில்லை. வெளியீடு எங்கே போகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. சி தரம் சொல்வது இவ்வளவுதான்: எதிர்முனையில் இருப்பது மனிதர் உட்கார்ந்து பார்க்கும் கருவி இல்லை என்று தெரிந்தால் மட்டுமே ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை (பிரிண்ட்எஃப் எழுதும் வழி) முழு பஃபரில் வைக்கலாம், ஸ்டாண்டர்ட் எரர் (பிழைச் செய்திகளுக்கான தனி வழி) தொடக்கத்தில் முழு பஃபரில் இருக்கவே கூடாது. மற்றதை அந்தந்த நூலகத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

லினக்ஸில் பெரும்பாலோர் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகம் இப்படி நடந்துகொள்ளும்: டெர்மினல் என்றால் வரி பஃபர், கோப்பு, பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் கொண்டுபோகும் குழாய்) என்றால் முழு பஃபர், பெரும்பாலும் 4096 பைட். ஸ்டாண்டர்ட் எரருக்குப் பஃபர் கிடையாது. விண்டோஸில் கதை வேறு. மைக்ரோசாஃப்ட்டின் சி நூலகத்தில் வரி பஃபர் என்ற ஒன்றே நடைமுறையில் இல்லை. அதைக் கேட்டாலும் முழு பஃபர்தான் கிடைக்கும். நிரல் எழுதவும் ஓட்டவும் பயன்படும் சில ஐடிஇ-களுக்குள் நிரலை ஓட்டும்போது எல்லா வெளியீடும் கடைசியில் மொத்தமாக வருவதும் இதனால்தான். அங்கே கீழே தெரியும் கன்சோல் பெட்டி உண்மையான டெர்மினல் இல்லை, ஒரு பைப்.

இதைத் தமிழில் சோதித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை கூடக் கிடைக்கும். விநாடிக்கு ஒரு முறை "வணக்கம்" என்று ஒரு வரி எழுதும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பி ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலிலிருந்து கோப்பைப் பாருங்கள். மூன்று நிமிடம் ஒன்றுமே இருக்காது. 186 வரி சேர்ந்தால் 4092 பைட். 187ஆவது வரி வரும்போது பஃபரில் மிச்சம் 4 பைட் இடம்தான். அந்த நான்கில் 'வ' எழுத்தின் 3 பைட்டும் 'ண' எழுத்தின் முதல் பைட்டும் ஏறிக்கொள்ளும். பஃபர் நிரம்பிவிட்டது, 4096 பைட்டும் கோப்புக்குப் போகிறது. இப்போது கோப்பைத் திறந்தால் கடைசி வரியில் ஒரு 'வ', அதற்குப் பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. பஃபருக்கு எழுத்தும் தெரியாது, வரியும் தெரியாது. பைட் மட்டும்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாக் கோப்பு பாதி வரியில் அறுந்து நிற்பதைப் பார்த்து, யாரோ கோப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். மீதி இன்னும் பஃபரில் இருக்கிறது.

எஃப்ஃப்ளஷ்

இதற்கான ஃபங்ஷன் எஃப்ஃப்ளஷ். ஸ்ட்ரீம் என்பது நூலகம் திறந்து வைத்திருக்கும் ஓர் உள்ளீட்டு அல்லது வெளியீட்டு வழி. எந்த ஸ்ட்ரீமை வெளியேற்ற வேண்டுமோ அதைக் கொடுத்தால் போதும்: எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஅவுட்). எஸ்டிடிஅவுட் என்பது ஸ்டாண்டர்ட் அவுட்புட். பஃபரில் இருப்பது எல்லாம் உடனே கர்னலுக்குப் போய்விடும். நன்றாக முடிந்தால் 0, தவறினால் ஈஓஎஃப் என்ற மாறிலி திரும்பி வரும். ஸ்ட்ரீமுக்குப் பதில் நல் (எதையும் சுட்டாத பாயிண்டர்) கொடுத்தால் திறந்திருக்கும் எல்லா வெளியீட்டு ஸ்ட்ரீம்களையும் வெளியேற்றும். நம் "காத்திருங்கள்..." நிரலில் ஸ்லீப்புக்கு முந்தைய வரியில் இதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

ஒரே வரியில் சதவீதம் ஏறிக்கொண்டே போகும் காட்டியையும், ஒவ்வொரு கோப்பு முடிந்ததும் ஒரு புள்ளி வைக்கும் நிரலையும் எழுதுகிறவர்களுக்கு இது கட்டாயம் தேவை. அங்கே புதுவரிக் குறியே வராது.

ஸ்கேன்எஃப்புக்கு முன்னால் "உங்கள் வயது: " என்று கேட்கும் வரிக்கு மட்டும் எஃப்ஃப்ளஷ் இல்லாமலேயே வேலை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜிலிப்சி, டெர்மினலிலிருந்து உள்ளீடு படிக்கப் போகும்போது ஸ்டாண்டர்ட் அவுட்புட்டைத் தானே ஒரு முறை வெளியேற்றிவிடும். நல்ல மனதுதான், ஆனால் எல்லா நூலகத்துக்கும் அந்த மனது கிடையாது. கேள்விக்குப் பிறகு ஒரு எஃப்ஃப்ளஷ் எழுதிவிட்டால் எங்கு போனாலும் வேலை செய்யும்.

ஒவ்வொரு முறையும் எழுதச் சோம்பலாக இருந்தால் செட்விபஃப் என்ற ஃபங்ஷன் மூலம் பழக்கத்தையே மாற்றிவிடலாம்: வரி பஃபர் வேண்டும் என்றோ, பஃபரே வேண்டாம் என்றோ. ஆனால் அந்த ஸ்ட்ரீமில் எதையும் எழுதுவதற்கு முன் இதை அழைக்க வேண்டும். மெயினின் முதல் வரிதான் இதற்கு ஏற்ற இடம். இருக்கட்டும் என்று எல்லா நிரலிலும் பஃபரை அணைத்துவைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்; மேலே பார்த்த 538 மறுபடி ஒரு லட்சமாகிவிடும்.

நிரல் விழும்போது தொலையும் வரிகள்

பஃபர் தெரியாததால் மாணவர்கள் அதிகம் அல்லாடும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டதால் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று சொல்லிவிட்டு விழுகிறது. எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க நடுநடுவே பிரிண்ட்எஃப் போடுகிறோம்: "ஒன்று ", "இரண்டு ", "மூன்று ". உண்மையில் நிரல் விழுவது மூன்றுக்குப் பிறகு, வரம்பு தாண்டி ஓர் அர்ரேயில் எழுதும் இடத்தில். ஆனால் திரையில் ஒன்று கூட வராது. உடனே நாம் என்ன நினைப்போம்? முதல் பிரிண்ட்எஃப்புக்கு முன்னாலேயே விழுகிறது என்று நினைத்து, எந்தத் தவறும் இல்லாத முதல் இருபது வரியைத் திருப்பித் திருப்பிப் படிப்போம். மூன்று பிரிண்ட்எஃப்பும் ஓடியிருக்கிறது. மூன்று சொல்லும் பஃபரில் ஏறியிருக்கிறது. நிரல் விழுந்தபோது கர்னல் அந்த நினைவகத்தை அப்படியே துடைத்துவிட்டது. பஃபர் என்ற ஒன்று அதற்குள் இருந்தது கர்னலுக்குத் தெரியவே தெரியாது.

புதுவரிக் குறி சேர்த்தால் டெர்மினலில் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதே நிரலை ஒரு சர்வரில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பி ஓட்டினால், அல்லது உங்கள் நிரலை வேறொரு நிரல் பைப் வழியாக ஓட்டிச் சோதித்தால், புதுவரி காப்பாற்றாது. பிழை தேடும் செய்திகளை ஸ்டாண்டர்ட் எரருக்கு அனுப்புவதுதான் இதற்கு நேர்வழி. எஃப்பிரிண்ட்எஃப் வைத்து அதற்கு எழுதினால் அந்தக் கணமே வெளியே போய்விடும், பிறகு நிரல் விழுந்தாலும் கவலை இல்லை.

எப்படி முடிந்தால் பஃபர் காப்பாற்றப்படும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெயினிலிருந்து ரிட்டர்ன் ஆனாலோ எக்ஸிட் அழைத்தாலோ நூலகம் எல்லா ஸ்ட்ரீமையும் வெளியேற்றி மூடும். எஃப்குளோஸ் செய்தால் அந்த ஒரு ஸ்ட்ரீம் வெளியேறும். நிரலை நிறுத்தச் சொல்லிக் கர்னல் அனுப்பும் சிக்னல் வந்து செத்தால் எதுவும் நடக்காது. நீங்கள் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துவதும் ஒரு சிக்னல்தான். மணிக்கணக்கில் ஓடும் நிரலின் முடிவுகளைக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்து, பொறுமை இழந்து கன்ட்ரோல்-சி அடித்தால் கடைசிப் பகுதி காணாமல் போவது இப்படித்தான்.

இன்னொரு விளைவு, வரிசைக் குழப்பம். ஸ்டாண்டர்ட் அவுட்புட்டையும் ஸ்டாண்டர்ட் எரரையும் ஒரே கோப்புக்குத் திருப்பினால் பிழைச் செய்திகள் எல்லாம் மேலே, மற்றவை கீழே என்று கிடக்கும். எரர் உடனே போய்விட்டது, அவுட்புட் பஃபரில் காத்திருந்து பிறகு போனது. நேர வரிசை என்று நம்பி அந்தக் கோப்பைப் படிக்கக் கூடாது.

இரண்டு முறை அச்சாகும் ஒரே வரி

நிரல் விழுந்தால் வரி தொலையும்; ஓடும் நிரலைப் போலவே இன்னொன்றை, பிள்ளை நிரலை, உருவாக்கும் ஃபோர்க் செய்தால் வரி இரட்டிக்கும். நேர்முகத் தேர்வுகளில் இதைக் கேள்வியாகவும் கேட்பார்கள். "தொடக்கம்" என்று புதுவரியோடு அச்சிட்டுவிட்டு, ஃபோர்க் அழைத்து, பெற்ற நிரலும் பிள்ளை நிரலும் ஒன்றும் செய்யாமல் மெயினை முடித்துக்கொள்கின்றன. டெர்மினலில் ஓட்டினால் "தொடக்கம்" ஒரு முறை. கோப்புக்குத் திருப்பினால் இரண்டு முறை.

ஃபோர்க் நிரலின் நினைவகம் முழுவதையும் நகலெடுக்கிறது, பஃபரும் நினைவகத்தில்தான் இருக்கிறது. டெர்மினலில் வரி பஃபர் என்பதால் ஃபோர்க்குக்கு முன்பே "தொடக்கம்" வெளியே போய்விட்டது. நகலெடுக்கப்பட்டது காலி பஃபர். கோப்பு என்றால் முழு பஃபர். சொல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஃபோர்க் ஆனதும் பெற்றவரிடம் ஒரு பிரதி, பிள்ளையிடம் ஒரு பிரதி. இருவரும் வெளியேறும்போது தங்களிடம் இருப்பதை முறையாக வெளியேற்றுகிறார்கள். தீர்வு ஒரு வரி: ஃபோர்க்குக்கு முன் எஃப்ஃப்ளஷ்(நல்). பிள்ளை நிரல் வேறு எதுவும் அச்சிடப் போவதில்லை என்றால், அது எக்ஸிட்டுக்குப் பதில், பஃபரைத் தொடாமல் வெளியேறும் அண்டர்ஸ்கோர் எக்ஸிட்டைப் பயன்படுத்துவதும் வழக்கம்.

எஸ்டிடிஇன்னுக்கு எஃப்ஃப்ளஷ் போடலாமா?

போடாதீர்கள். எஸ்டிடிஇன் என்பது விசைப்பலகை உள்ளீடு வரும் ஸ்ட்ரீம். டர்போ சி என்ற பழைய கம்பைலர் காலத்திலிருந்து லேப் நோட்டுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பழக்கம் இது: ஸ்கேன்எஃப் ஓர் எண்ணைப் படித்ததும் பின்னால் தங்கிவிடும் புதுவரிக் குறியைத் துடைக்க எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஇன்). சி தரப்படி எஃப்ஃப்ளஷ் வெளியீட்டுக்கு உரியது. உள்ளீட்டு ஸ்ட்ரீமில் அழைத்தால் என்ன நடக்கும் என்று தரம் எந்த உறுதியும் தருவதில்லை. மிச்சத்தைத் தள்ளிவிட வேண்டுமென்றால் கெட்சார் வைத்து, புதுவரிக் குறியோ, உள்ளீடு முடிந்ததைக் காட்டும் ஈஓஎஃப்போ வரும்வரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து எறிந்துவிடுங்கள். இரண்டு வரி வேலை, எல்லா இடத்திலும் ஓடும்.

ஃப்ளஷ் ஆனால் வட்டுக்குப் போய்விட்டதா?

இல்லை. எஃப்ஃப்ளஷ் பைட்டுகளைக் கர்னலிடம் ஒப்படைக்கிறது, அதோடு அதன் பொறுப்பு முடிந்தது. கர்னலும் தன் பங்குக்கு அவற்றை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாக வட்டில் எழுதும். லினக்ஸில் இயல்பான அமைப்பில் சுமார் 30 விநாடி வரை கூட வைத்திருக்கும். எஃப்ஃப்ளஷ் முடிந்த பிறகு உங்கள் நிரல் விழுந்தால் தரவுக்கு ஆபத்தில்லை, அது ஏற்கெனவே கர்னலின் கையில். கரண்ட் போனால் அப்படிச் சொல்ல முடியாது. கரண்ட் போனாலும் இருக்க வேண்டிய தரவு என்றால் எஃப்ஃப்ளஷ்ஷுக்குப் பிறகு எஃப்சிங்க் என்ற சிஸ்டம் காலையும் அழைக்க வேண்டும். வரிசையும் முக்கியம்: நம் பஃபரில் இருப்பது எஃப்சிங்க்குக்குத் தெரியாது, முதலில் அதை எஃப்ஃப்ளஷ் வெளியே தள்ளியிருக்க வேண்டும்.

எஃப்ஃப்ளஷ் திருப்பித் தரும் விடையைப் பெரும்பாலான பாடப்புத்தக நிரல்கள் பார்ப்பதே இல்லை. அதனால் என்ன கெட்டுவிடும் என்று பார்க்க லினக்ஸில் ஒரு வசதி உண்டு. டெவ் கோப்புறைக்குள் ஃபுல் என்று ஒரு போலிக் கருவி இருக்கிறது. எதை எழுதினாலும் "இடமில்லை" என்று மறுப்பதுதான் அதன் ஒரே வேலை. "வணக்கம்" அச்சிடும் உங்கள் நிரலின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிடுங்கள். பிரிண்ட்எஃப் 22 பைட் எழுதினேன் என்று சொல்லும், நிரல் எக்ஸிட் கோட் 0 தந்து வெற்றிகரமாக முடியும். ஒரு பைட் கூட எங்கும் போகவில்லை. மெயின் முடியும் முன் எஃப்ஃப்ளஷ் போட்டு, விடை ஈஓஎஃப் என்றால் பெரர் மூலம் காரணத்தை அச்சிட்டு, 1 என்று திரும்பும்படி மாற்றினால்தான் தோல்வி வெளியே தெரியும். எல்எஸ் கட்டளையின் வெளியீட்டை அதே கருவிக்குத் திருப்பிப் பாருங்கள், எழுத முடியவில்லை என்று முறையாகப் புகார் சொல்லும். வெளியேறும் முன் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மூடி, அது ஒழுங்காக மூடியதா என்று எல்எஸ் பார்த்துக்கொள்கிறது.